ஆறு வருடம், 84,000 கிலோமீட்டர்: உயர்த்திய ராங்க்ளரில் கம்பெனி கன்ட்ரோல் ஆர்ம்

போன சனிக்கிழமை காலை பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். டார்ச் அடித்து, ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் எட்டு கன்ட்ரோல் ஆர்மையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழு ஆர்ம் வண்டியோடு வந்தவை. முன்பக்க வலது கீழ் ஆர்ம் மட்டும் வேறொரு ஜேகேயிலிருந்து (என் ராங்க்ளர் தலைமுறையின் பெயர் ஜேகே) கழற்றியது. அதுவும் கம்பெனி ஆர்ம்தான். 2.5 இன்ச் உயர்த்திய ஜீப்பில் இப்படி ஆறு வருடம் ஓட்டியாயிற்று. இதே லிஃப்ட் போடப்போகிற நண்பர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டி 2014 மாடல் நான்கு கதவு ராங்க்ளர் ரூபிகான், 3.6 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக். ஷார்ஜாவில் பழைய வண்டியாக வாங்கினேன். 2019 பிப்ரவரியில் 61,000 கிலோமீட்டரில் லிஃப்ட் ஏறியது. இன்றைக்கு மீட்டர் 1,45,000 காட்டுகிறது. அப்போது ஸ்பிரிங், ஷாக், 285/70 ஆர்17 டயர் மட்டும் மாற்றினேன். வார நாளில் அலுவலகம், விடுமுறையில் பதாயர் மணல், மலீஹா, குளிர்காலத்தில் ஹஜர் மலைப் பக்கத்து வாதிகள் (வறண்ட ஆற்றுப் பள்ளங்கள்). வருடத்துக்கு ஒருமுறை லிவா பாலைவனம்.

சனையாவில் (தொழிற்பேட்டையில்) லிஃப்ட் போட்டுக்கொடுத்த கடையில் எட்டு ஆர்மையும் மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். சொன்ன விலை என் இரண்டு மாத வீட்டு வாடகை. அவ்வளவு பணம் அப்போது கையில் இல்லாததால் பழைய ஆர்மோடே விட்டேன். இன்றைக்குப் பணம் இருந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் வேறு இரண்டு வேலைகளை முதல் நாளே முடித்திருப்பேன்.

முதல் வேலை காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் சக்கரம் நேராகப் போக உதவுகிறது. ஜீப்பின் முன் சக்கரங்களுக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு, அதுதான் காஸ்டர். ஜேகேயில் கம்பெனி வைத்த அளவு 4 டிகிரிக்குச் சற்று மேலே. உடல் உயர்ந்தாலும் ஆர்மின் நீளம் மாறுவதில்லை. அதனால் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சரிந்து ஆக்சிலைக் கொஞ்சம் பின்னே இழுக்கின்றன. கூடவே அதை முன்பக்கமாகத் திருப்பியும் விடுகின்றன. லிஃப்டுக்குப் பிறகு என் அலைன்மென்ட் சீட்டில் இடது 2.6, வலது 2.5. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஊருக்குள் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஷேக் முகமது பின் சாயித் சாலையில் 110-ல் போகும்போதுதான் உறைத்தது. வளைவு முடிந்து ஸ்டீயரிங்கை விட்டால் தானாக நடுவுக்குத் திரும்பாது. பக்கத்தில் டிரெய்லர் கடந்தால் வண்டி அலையும். என் மனைவி வண்டி ஓட்டுவதையே நிறுத்திவிட்டாள். பழகிவிடும் என்று ஒரு வருடம் ஓட்டியது தவறு. இந்த விஷயத்தில் பழக்கம் உதவாது.

வேகத்தடையில் முன்பக்கம் முகத்தில் அடித்த மாதிரி இடிப்பதற்கும் இதே சரிவுதான் காரணம். முன் ஆர்ம் சேஸிஸிலிருந்து முன்னோக்கிப் போய் ஆக்சிலைப் பிடித்திருக்கிறது. ஆர்ம் கிடைமட்டமாக இருந்தால் மேட்டில் ஏறும் சக்கரம் கிட்டத்தட்ட நேராக மேலே போகும். கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் சக்கரம் மேலே போகும்போது முன்னேயும் நகர வேண்டியிருக்கிறது. மோத வரும் மேட்டை நோக்கியே நகர்கிறது. ஷாக் சரியில்லை என்று நினைத்து அதை மாற்றியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். கோளாறு ஷாக்கில் இல்லை, ஆர்மின் கோணத்தில் இருந்தது.

புது ஆர்ம் இல்லாமல் இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. கீழ் ஆர்ம் போல்ட்டை எடுத்துவிட்டு, திருப்பினால் ஆக்சிலின் சாய்வை மாற்றும் கேம் போல்ட் போடலாம். காஸ்டர் திரும்பக் கிடைக்கும், சரிவு அப்படியே இருக்கும். இல்லையென்றால் சேஸிஸ் பக்கத்து முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட் போடலாம். நான் பிராக்கெட் போட்டேன். காஸ்டர் இரு பக்கமும் 4.4-க்கு வந்தது, வேகத்தடை இடியும் பாதிக்குமேல் குறைந்தது. அன்று மாலை கல்பா போய்த் திரும்பினோம். திரும்பும்போது மனைவிதான் ஓட்டினாள்.

இரண்டாவது வேலையைத்தான் நிறுத்திச் சொல்ல வேண்டும். லிஃப்ட் போட்டு 14,000 கிலோமீட்டரில் முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம் வந்தது. அடியில் பார்த்தால் கீழ் ஆர்ம் இரண்டிலும் முனையில் இருக்கும் புஷ்ஷின் ரப்பர் உள்குழலை ஒட்டி வட்டமாகக் கிழிந்திருந்தது. நகத்தை விட்டால் உள்ளே போகும் ஆழம். லிஃப்ட் போட்டால் கம்பெனி ஆர்ம் தாங்காது என்று கடையில் சொன்னது சரியாகிவிட்டதே என்று மனம் உடைந்துபோனேன்.

அஜ்மானில் தஞ்சாவூர்ப் பக்கத்து மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“போல்ட்டை எங்க வச்சு இறுக்குனாங்க தம்பி?”

“லிஃப்டர்ல வண்டி மேல இருக்கும்போதேண்ணே. நானே பாத்தேன்.”

“டயர் தொங்கிட்டு இருந்துச்சா? அப்ப ரப்பர் மேல குத்தம் இல்ல. ரப்பருக்கு ஓய்வு நிலைன்னு ஒண்ணு இருக்கு. வண்டி தரையில நிக்கிற உயரந்தான் அதுக்கு ஓய்வு.”

கழற்றிய புஷ்ஷைக் கையில் வைத்தே காட்டினார். வெளியே ஒரு இரும்புக் கூடு, நடுவில் ஒரு இரும்புக் குழல், இரண்டையும் ஒட்டிப் பிடித்த ரப்பர். போல்ட் இறுகியதும் நடுக்குழல் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்கிறது. அதன்பிறகு அது சுழலாது. ஆர்ம் ஏறி இறங்கும்போது முறுக்கிக்கொள்வது ரப்பர்தான். சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி தரைக்கு வந்த நிமிடமே ரப்பர் ஒரு பக்கமாக முறுகிவிடும். நிறுத்தி வைத்திருந்தாலும் முறுக்கம் தளராது. அதற்கு மேல் ஒவ்வொரு குழியும் இன்னும் கொஞ்சம் முறுக்கும். இந்த வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும்?

புது ரப்பர் புஷ்களை அழுத்தி ஏற்றினார். போல்ட்களைக் கையால் மட்டும் பூட்டி வண்டியைத் தரையில் இறக்கினார். பம்பர் மேல் ஏறி நின்று நாலு தடவை குலுக்கச் சொன்னார். அதன்பிறகு அடியில் நுழைந்து, டார்க் ரெஞ்ச்சில் கீழ் ஆர்ம் போல்ட்களை 125 அடி-பவுண்டுக்கு இறுக்கினார். பிராக்கெட் போட்டதும் அன்றைக்குத்தான். அந்தப் புஷ்கள் 70,000 கிலோமீட்டர் கடந்து இன்றும் ஓடுகின்றன. ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிகிறது, கிழிசல் இல்லை.

முன் மேல் ஆர்மின் ஆக்சில் பக்கத்துப் புஷ் ஆர்மில் இல்லை, ஆக்சில் கூட்டிலேயே அழுத்தப்பட்டிருக்கிறது. புது ஆர்ம் வாங்கினாலும் அதைத் தனியாகத்தான் கவனிக்க வேண்டும். போன வருடம் மாற்றினோம். இடம் குறுகலாக இருந்ததால் அரை நாள் ஆனது.

ஆர்முக்கு ஆகியிருக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பிறகு, ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ட்ராக் பாரில் போட்டேன். ஜேகேயை உயர்த்தினால் முன் ஆக்சில் டிரைவர் பக்கம் நகரும். டயர் ஒரு பக்கம் பிதுங்கி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீளம் மாற்றக்கூடிய ட்ராக் பார் அதை நடுவுக்குக் கொண்டுவந்தது.

லிஃப்டால் வந்த இன்னொரு சேதம் ஆர்ம் சம்பந்தப்பட்டதில்லை. நீள ஷாக் போட்டதால் சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்குகிறது. அப்போது முன் ஆக்சிலைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்டின் ரப்பர் பூட் (ஜாயின்ட்டை மூடும் உறை) எக்ஸாஸ்ட் குழாயில் உரசும். எனக்கு லிஃப்ட் போட்டு 38,000 கிலோமீட்டரில் பூட் கிழிந்து, சூடான குழாயில் கிரீஸ் தெறித்துக் கருகிய வாசனை வந்தது. எக்ஸாஸ்டைத் தள்ளிவைக்கும் ஸ்பேசர் போட்டு, பழைய மாதிரி ஷாஃப்டையே திரும்பப் போட்டேன். யூனிவர்சல் ஜாயின்ட் உள்ள ஷாஃப்டுக்கு மாறவில்லை. காஸ்டரைக் கூட்டினால் முன் ஆக்சிலில் ஷாஃப்ட் சேரும் பினியன் மூக்கு கீழே குனிகிறது, அந்தக் கோணத்தைப் பழைய வகை ஜாயின்ட்தான் நன்றாகப் பொறுத்துக்கொள்கிறது.

பிராக்கெட்டுக்கு ஒரு விலை உண்டு. அது வண்டிக்கு அடியில் தொங்குகிறது. மணலில் தொல்லையே இல்லை. ஷவ்கா பக்கத்து வாதியில் ஒரு பாறையில் வலது பிராக்கெட் மாட்டியது. பின்னே எடுக்கும்போது கீழ் ஆர்மின் அடிப்பக்கம் உள்ளே அமுங்கி, ஆர்மே லேசாக வளைந்துவிட்டது. கம்பெனி ஆர்ம் தகட்டை மடக்கிப் பற்றவைத்தது, பாறை மேல் வண்டியின் எடையைத் தாங்குவதற்குச் செய்ததில்லை. ஆனாலும் வீடு வரை ஓட்டி வந்தேன். ஆர்ம் மாற்றிய ஒருவரிடம் கழற்றிப்போட்டது கிடந்தது. ஜோடியாகவே 150 திர்ஹத்துக்குக் கொடுத்தார். மீதி ஒன்று பால்கனியில் இருக்கிறது.

வாராவாரம் பாறை ஏறுபவர் என் வழியில் போக வேண்டாம், கனமான கீழ் ஆர்ம் ஒரு ஜோடி போடுங்கள். 3.5 இன்ச்சுக்கு மேல் உயர்த்துபவர்களும் நீளம் மாற்றக்கூடிய ஆர்முக்கே போங்கள். என் நண்பர் வண்டி 4 இன்ச், அவருக்கு வேறு வழியே இல்லை. அவர் போட்டிருக்கும், ரப்பருக்குப் பதில் இரும்பு ஜாயின்ட் உள்ள ஆர்ம் எல்லாப் பக்கமும் அருமையாகத் திரும்பிக்கொடுக்கிறது. ஆனால் ஒவ்வொரு மணல் பயணத்துக்குப் பிறகும் கிரீஸ் அடிக்கிறார், சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் சீட்டுக்கு வருகிறது. ரப்பர் புஷ்ஷுக்கு ஆறு வருடத்தில் நான் ஒரு சொட்டு கிரீஸ் வைக்கவில்லை.

சனிக்கிழமை பார்த்ததில் பின்பக்க இடது கீழ் ஆர்ம் புஷ் மட்டும் தளர்ந்திருக்கிறது. கம்பி வைத்து நெம்பினால் ஆர்ம் நகர்கிறது. லிவா போவதற்கு முன் பின்பக்க ஜோடியை மாற்ற அண்ணனிடம் நாள் கேட்டிருக்கிறேன். இந்த முறை பம்பர் மேல் ஏறிக் குலுக்க மகனையும் கூட்டிப்போகிறேன்.