‘ட்வெல்ஃப்த் நைட்’ படிக்க எந்தப் பதிப்பு? ஃபோல்ஜர் நூலும் குளோப் ஒளிப்பதிவும்

ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தை முதன்முறையாக மூலத்தில் படிக்கப் போகிறவர்கள் தயங்காமல் வாங்கக்கூடியது ஃபோல்ஜர் நூலகப் பதிப்பு. பதிப்பாசிரியர்கள் பார்பரா மோவட், பால் வெர்ஸ்டைன். வலப்பக்கம் மூலம், அதற்கு நேர் எதிரே இடப்பக்கம் அருஞ்சொற்பொருள். வரி எண்ணைப் பிடித்துக்கொண்டு பார்வையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும். ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் சிறு கதைச்சுருக்கம் உண்டு. பதிப்பாசிரியர்கள் சேர்த்த சொற்களை அடைப்புக்குறியிட்டுப் பிரித்துக் காட்டியிருப்பதால், 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில் இருந்தது எது, பின்னால் நுழைந்தது எது என்று தெரிந்துவிடுகிறது. இந்த நாடகத்துக்கு அதைவிடப் பழைய அச்சு கிடையாது என்பதால் அந்தக் கவனம் அவசியமானது. குறிப்புகள் இல்லாத வெறும் மூலம் ஃபோல்ஜர் இணையதளத்திலேயே இலவசம். காசு கொடுப்பது இடப்பக்கத்துக்காகத்தான்.

அந்த இடப்பக்கத்தில்தான் ஒரு குறையும் இருக்கிறது. சொல்லுக்குப் பொருள் சொல்கிறது, புராணக் குறிப்பை விளக்குகிறது. ஆனால் பேச்சு உரைநடையிலிருந்து செய்யுளுக்கு மாறும் இடத்தையோ, நம் ‘நீங்கள்’ போன்ற ‘யூ’ என்ற விளி, ‘நீ’ போன்ற பழைய ‘தௌ’ (வேற்றுமை வடிவம் ‘தீ’) ஆகும் இடத்தையோ பெரும்பாலும் சுட்டுவதில்லை. சிலேடை, உருவகம் பற்றி முன்னுரையில் நல்ல பகுதி இருக்கிறது. ஆனால் இந்த நாடகத்தில் காதல் நிகழ்வது அணிகளில் அல்ல, பேச்சு நடை மாறும் கணத்தில். உவமை எங்கே, உருவகம் எங்கே என்று பெயர் குறித்துக்கொண்டே போகிறவர் தேர்வில் மதிப்பெண் வாங்கிவிடலாம். ஒலிவியா எந்த வரியில் காதலில் விழுந்தாள் என்று கேட்டால் திணறுவார்.

கதை சுருக்கமாக: கப்பல் உடைந்து இல்லிரியாவில் கரையேறிய வயோலா, ஆண் வேடமிட்டு செசாரியோ என்ற பெயரில் ஆர்சினோ பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். அவர் ஒலிவியா சீமாட்டியைக் காதலிக்கிறார். செசாரியோவைத் தூது அனுப்புகிறார். ஒலிவியா தூதுவன் மேல் காதல் கொள்கிறாள். தூது போன வயோலாவுக்கோ அனுப்பிய பிரபு மேல் காதல். நம் கணக்கில் சொன்னால், மேடை முழுக்கக் கைக்கிளை.

நாடகத்தில் 5 அங்கம், 18 காட்சி. வரிசையாகத் தொடங்குவதைவிட முதல் அங்கத்தின் 5ஆம் காட்சியை முதலில் வாய்விட்டுப் படிப்பது பலன் தரும். வயோலா மனப்பாடம் செய்த புகழுரையோடு வருகிறாள். பாடுபட்டுப் படித்திருக்கிறேன், கவித்துவமானது என்கிறாள். அப்படியானால் பொய்யாகத்தான் இருக்கும் என்று வெட்டுகிறாள் ஒலிவியா. அடுத்து ஒரு தொடர் உருவகம். வேதபாடம் எங்கே இருக்கிறது? ஆர்சினோவின் நெஞ்சில். எந்த அத்தியாயத்தில்? இதயத்தின் முதலாம் அத்தியாயத்தில். படித்தாயிற்று, அது வேதவிரோதம். இவ்வளவும் உரைநடை. ஒலிவியாவின் முகத்திரை விலகியதும் வயோலா செய்யுளுக்குத் தாவுகிறாள்: இந்த அழகுக்கு ஒரு நகல்கூட விட்டுவைக்காமல் கல்லறைக்குக் கொண்டுபோவது கொடுமை. நகல் என்று அவள் சொல்வது பிள்ளையை. ஒலிவியா அதைக் கணக்கேட்டு நகலாகத் திருப்பி, மறுபடி உரைநடையிலேயே பட்டியல் போடுகிறாள்: உதடு இரண்டு, சுமாரான சிவப்பு, சாம்பல் நிறக் கண் இரண்டு, இமைகளுடன், கழுத்து ஒன்று, மோவாய் ஒன்று. காதலியை அங்கம் அங்கமாகப் புகழும் ஐரோப்பிய மரபைச் சரக்கு இருப்புக் கணக்காக்கிக் கவிழ்க்கும் இடம் இது. கேசாதிபாதம் படித்தவர்களுக்கு இந்தக் குறும்பு சட்டென்று பிடிபடும்.

சில வரிகள் கழித்து ஒலிவியாவும் செய்யுளுக்கு வந்துவிடுகிறாள். அது காதலுக்கான முதல் தடயம். நீ என் காதலனாக இருந்தால் என்ன செய்வாய் என்ற தொனியில் அவள் கேட்க, வயோலா சொல்லும் பதில்தான் காட்சியின் உச்சம்: உங்கள் வாசலில் வில்லோ மரக்கிளையால் குடில் போடுவேன், நள்ளிரவிலும் பாடுவேன், மலைகள் எதிரொலிக்க உங்கள் பெயரைக் கூவுவேன். வில்லோ, கைகூடாக் காதலின் மரம். தூதுவாக்கு மறந்து சொந்த வலி பேசுகிறது. அந்தப் பேச்சின் கடைசித் துண்டு 6 ஒலியசை. ஒலிவியாவின் மறுமொழி, ‘உன்னால் நிறைய முடியும்’ என்ற பொருளில் நாலே சொல், 4 ஒலியசை. சேர்த்தால் பத்து, ஷேக்ஸ்பியரின் ஒரு முழு அடி. வயோலா பாதியில் விட்ட அடியை ஒலிவியா நிரப்பிவிட்டாள். அடுத்த மூச்சில், உன் குலம் என்ன என்று கேட்கிறாள். விழுந்தது இங்கேதான்.

செசாரியோ போன பிறகு தனிமொழியில் அவள் ‘தௌ’வுக்கு மாறுகிறாள். ‘நீங்கள்’ எப்போது ‘நீ’ ஆனது என்று கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இது எளிதில் வசப்படும்; இன்றைய ஆங்கில வாசகரைவிட நமக்கு இங்கே வசதி அதிகம். மூன்றாம் அங்கம் முதல் காட்சியில் நேருக்கு நேர் நடக்கிறது. முதலில் ஓரடிக்கு ஓரடி மோதல். இரங்குகிறேன் என்று வயோலா சொன்னால், அது காதலுக்கு ஒரு படி என்கிறாள் ஒலிவியா. நான் நானல்ல என்றால், நான் விரும்புகிறபடி நீங்கள் இருக்கக்கூடாதா என்கிறாள். இதுவரை பெரும்பாலும் ‘யூ’. பிறகு அடக்க முடியாமல் ரோஜாக்கள் மேல் ஆணையிட்டு ‘தீ’ என்று விளிக்கும்போது எதுகைபோல் ஈற்றொலி ஒத்த ஈரடிகள் வரிசையாக வருகின்றன. வயோலாவும் அதே ஈரடியிலேயே மறுக்கிறாள். மறுப்பும் இசைந்து ஒலிப்பதால்தான் ஒலிவியா நம்பிக்கை இழப்பதில்லை.

இதே ‘தௌ’ அடுத்த காட்சியில் வசைச்சொல். செசாரியோவைச் சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதும், ஒலிவியாவை மணக்க விரும்பும் சர் ஆண்ட்ரூவிடம், மூன்று முறையாவது அவனைத் ‘தௌ’ போட்டு எழுது என்று ஒலிவியாவின் உறவினர் சர் டோபி யோசனை சொல்கிறார். ஒலிவியாவின் பணிப்பெண் மரியா, எசமானி எழுதியதுபோலப் போலியாக எழுதும் கடிதம் இன்னும் நுட்பமானது. அதிலும் ‘தீ’தான். எசமானி வேலையாளை ‘நீ’ என்பது வழக்கம். காதலி காதலனை ‘நீ’ என்பதும் வழக்கம். கடிதத்தைக் கண்டெடுக்கும் ஒலிவியாவின் காரியஸ்தன் மல்வோலியோ இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறான். கடிதத்தில் உள்ள எம், ஓ, ஏ, ஐ என்ற நான்கு எழுத்தும் தன் பெயரில் இருப்பதையும், வரிசை மட்டும் பொருந்தாததையும் கண்டு, கொஞ்சம் வளைத்தால் பொருந்தும் என்று தேற்றிக்கொள்கிறான். விளைவு, ஒலிவியாவுக்கு அறவே பிடிக்காத மஞ்சள் காலுறையும் அதன்மேல் குறுக்காகக் கட்டிய பட்டையும் அணிந்து அவள் முன் வந்து நிற்பது. ‘தௌ’ பற்றித் தெரியாமல் இந்தக் காட்சியைப் படித்தால் மல்வோலியோ வெறும் முட்டாள். தெரிந்து படித்தால், அவன் ஏமாந்ததில் நியாயம் இருக்கிறது.

அடிக்கடி நேரும் தவறான வாசிப்பு, ஆர்சினோவின் தொடக்கப் பேச்சைப் பெருங்காதலாக எடுத்துக்கொள்வது. இசை காதலின் உணவானால் வாசியுங்கள் என்று தொடங்குகிறவர் ஏழாம் அடியில் போதும், இனிமை போய்விட்டது என்கிறார். மானை வேட்டையாடப் போகலாமா என்று அவருடைய பணியாளர் கூரியோ கேட்டால், ‘ஹார்ட்’ என்ற ஒலி மானுக்கும் இதயத்துக்கும் பொதுவானதைப் பிடித்துக்கொண்டு தானே வேட்டையாடப்படும் மான் என்கிறார். சிலேடை அழகானது, ஆனால் அதில் ஒலிவியா அநேகமாக இல்லை. இரண்டாம் அங்கம் 4ஆம் காட்சியிலும் அப்படித்தான்: பெண்களைவிட ஆண்களின் மனம்தான் நிலையற்றது என்றவர், கொஞ்ச நேரத்தில் பெண்ணுக்கு இவ்வளவு காதலைத் தாங்கும் நெஞ்சே கிடையாது என்கிறார்.

அதற்கு வயோலா சொல்லும் பதிலுக்காகவே இந்தப் புத்தகத்தை வாங்கலாம். என் தந்தைக்கு ஒரு மகள். அவள் ஒருவனைக் காதலித்தாள். நான் பெண்ணாயிருந்தால் உங்களைக் காதலிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவள் கதை? வெற்றுத்தாள், பிரபுவே. சொல்லாத காதல் மொட்டுக்குள் புழுவாய் அரித்தது. கல்லறைச் சின்னத்துப் பொறுமைப் பதுமைபோலத் துயரைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தாள். உவமை, உருவகம், அவையோருக்கு மட்டும் தெரிந்த உண்மை எல்லாம் ஒரே இடத்தில் குவிகின்றன. ஆனால் பதிலின் வலு அவற்றில் இல்லை. தன்னைப் பற்றியே படர்க்கையில் பேச நேர்ந்ததில் இருக்கிறது.

படித்து முடித்த பிறகு, லண்டன் குளோப் அரங்கின் 2012 தயாரிப்பின் ஒளிப்பதிவைப் பார்க்கலாம். இயக்கம் டிம் கரோல். அனைவரும் ஆண் நடிகர்கள், அக்கால முறையில் தைத்த உடைகள். ஒலிவியாவாக மார்க் ரைலன்ஸ், மல்வோலியோவாக ஸ்டீபன் ஃப்ரை, வயோலாவாக ஜானி ஃப்ளின். ஆண் நடிகர் பெண்ணாகி, அந்தப் பெண் ஆணாகும் அடுக்கு தாளில் தெரியாது, இதில் தெரிகிறது. கறுப்பு உடையில் தரையில் வழுக்குவதுபோல நகரும் ரைலன்ஸின் ஒலிவியா, காதல் வந்ததும் அந்த நடையைக் கட்டிக்காக்க முடியாமல் தடுமாறுவது அபாரம். இந்த நாடகம் 1602 பிப்ரவரி 2 அன்று மிடில் டெம்பிள் மண்டபத்தில் நடந்ததை ஜான் மானிங்ஹாம் என்ற சட்ட மாணவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஒலிவியாவை அவர் கைம்பெண் என்று நினைத்துவிட்டார். அண்ணனுக்காகத் துக்க உடையில் இருப்பவளை அப்படி நினைத்தது ஏன் என்பது இந்த ஒளிப்பதிவின் கறுப்பு உடையைப் பார்த்தால் விளங்கும். ஆனால் முதல் அறிமுகத்துக்கு இது வேண்டாம். அவையோரின் சிரிப்புக்கு இடம்விட்டுப் பேசும்போது அடிக்கணக்கு கலைகிறது. மேலே சொன்ன பத்து ஒலியசையைக் காதால் பிடிக்க, முன்பே அதைப் படித்திருக்க வேண்டும்.

நாடகத்திலேயே சில தையல் விட்ட இடங்கள் உண்டு. தன்னால் பாட முடியும் என்று வேலைக்குச் சேரும் வயோலா ஒரு பாட்டும் பாடுவதில்லை. பாட வேண்டிய நேரத்தில் விதூஷகன் ஃபெஸ்டேயைத் தேடி அழைத்துவருகிறார்கள். செசாரியோ வேலைக்கு வந்து மூன்று நாள் என்கிறது முதல் அங்கம். கடைசி அங்கத்தில் எல்லாம் நடந்து முடிந்த அதே வேகத்தில் மூன்று மாதம் என்கிறார் ஆர்சினோ. படிக்கும்போது உறுத்தினால் உங்கள் கவனம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

ஐந்தாம் அங்கத்தை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். வயோலா என்ற பெயரை மேடையில் ஒருவர் உச்சரிப்பதே இங்கேதான், கடலில் இறந்துவிட்டதாக அவள் நினைத்த இரட்டைச் சகோதரன் செபாஸ்டியன் வாயில். அவளுடைய பெண் உடை ஒரு கப்பல் தலைவனிடம் இருக்கிறது. அவன் மல்வோலியோவின் வழக்கால் சிறையில் இருக்கிறான். மல்வோலியோவோ பழிவாங்குவேன் என்று கத்திவிட்டு வெளியேறிவிட்டான். எனவே திருமணம் பேசி முடித்த பிறகும் அவள் ஆண் உடையிலேயே நிற்கிறாள். ஆர்சினோ அவளைக் கடைசியாக அழைக்கும் பெயரும் செசாரியோதான்.