கொழுப்பைக் குறைத்துக்கொண்டே தசை ஏற்றுவதா, ஏற்றிவிட்டுக் குறைப்பதா?

தொப்பையும் குறைய வேண்டும், தோளும் திரள வேண்டும். இரண்டையும் சேர்த்தே செய்வதா, முதலில் நன்றாகச் சாப்பிட்டு தசை ஏற்றிவிட்டு அப்புறம் கொழுப்பைக் கரைப்பதா என்று குழம்புகிறவர்களுக்கு இது.

சாப்பாடு
சேர்த்து: உடல் செலவழிப்பதைவிட தினமும் 200, 300 கலோரி குறைவு.
பிரித்து: சில மாதம் அதே அளவு கூடுதல், பிறகு சில மாதம் குறைவு.
புரதம் இரண்டிலும் ஒன்றுதான். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமாவது வேண்டும், 70 கிலோ ஆளுக்கு 112 கிராம்.

வேகம்
சேர்த்து: மெதுவாகத்தான் நடக்கும்.
பிரித்து: தசை சீக்கிரம் ஏறும், கூடவே கொஞ்சம் கொழுப்பும் ஏறும்.

மனம்
சேர்த்துச் செய்கிறவர்கள் பாதியில் விடுவது இங்கேதான். கரைந்த கொழுப்பின் எடையை ஏறிய தசை ஈடுகட்டிவிடுவதால் எடைக்கருவி அசையாது. எனக்கு ஆறு வாரம் ஒரே எண்ணையே காட்டியது, எரிச்சலில் விட்டுவிடலாம் என்றிருந்தபோதுதான் பெல்ட் ஒரு துளை உள்ளே போயிருந்ததைக் கவனித்தேன். அதனால் இடுப்பை டேப்பால் அளந்து குறித்து வையுங்கள்.
பிரித்துச் செய்தால் எடைக்கருவி பேசும், ஆனால் பழைய பேண்ட் இறுக்கும்.

பளு தூக்குவது இரண்டிலும் கட்டாயம், அது இல்லாமல் கூடுதலாகச் சாப்பிட்டால் வயிறுதான் வளரும்.

புதிதாகத் தொடங்குபவர், நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புபவர், கொழுப்பு அதிகம் உள்ளவர்: சேர்த்தே செய்யுங்கள். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்கும், சில வருடம் பளு தூக்கிப் பழகியவருக்கும் பிரித்துச் செய்வதுதான் சரி.