ரூட்டரா, ரூட்டர் மேசையா, ஷேப்பரா?

மரவேலையில் மூன்றும் செய்வது ஒரே வேலைதான்: சுழலும் அலகால் மரத்தின் விளிம்பைச் செதுக்குவது, காடி (நீளப் பள்ளம்) எடுப்பது. கைரூட்டரில் கருவி மரத்திடம் போகிறது. மற்ற இரண்டிலும், அதாவது ரூட்டரைத் தலைகீழாக அடியில் மாட்டிய ரூட்டர் மேசையிலும், மேசையோடு சேர்ந்த தனி எந்திரமான ஷேப்பரிலும், மரம் கருவியிடம் வருகிறது. பெரிய மேசைப் பலகையின் ஓரத்தை உருட்ட வேண்டுமானால், அதைத் தூக்கிக்கொண்டு ஷேப்பருடன் மல்லுக்கட்ட முடியாது. இரண்டு விரல் அகலச் சட்டத்தின் மேல் கைரூட்டர் நேராக நிற்காது. ஒரு சாய்வு போதும், விளிம்பு போய்விடும்.

வாங்கப் போகிறவர்கள் குதிரைத்திறனை விசாரிக்கிறார்கள், வேகத்தை விசாரிப்பதில்லை. ரூட்டர் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் போகும். ஷேப்பர் பெரும்பாலும் 7,000 முதல் 10,000 வரைதான். உண்மையில் பார்க்க வேண்டியது அலகின் விளிம்பு வேகம். 12 மி.மீ. பிட் (ரூட்டரின் அலகு) 22,000 சுற்றில் நொடிக்குச் சுமார் 14 மீட்டர் வேகத்தில் வெட்டுகிறது. அதே பிட்டை ஷேப்பரில் மாட்டி 10,000 சுற்றில் ஓட்டினால் 6 மீட்டர் சொச்சம்தான். மரத்தை மிக மெதுவாகத் தள்ளாவிட்டால் பரப்பு சொரசொரப்பாகிவிடும். 120 மி.மீ. வெட்டுத்தலையோ வெறும் 7,000 சுற்றிலேயே 44 மீட்டரைத் தொடுகிறது. ஷேப்பர் பெரிய அலகுகளுக்காகவே பிறந்த எந்திரம்.

இதன் மறுபக்கம் ஆபத்தானது. கதவுப் பலகைக்கான 80 மி.மீ. பிட்டை ரூட்டரில் 22,000 சுற்றில் விட்டால் விளிம்பு வேகம் 90 மீட்டரைத் தாண்டும். 10,000 அல்லது 12,000க்குக் குறைத்தே ஆக வேண்டும். மேசையில் மட்டுமே ஓட்ட வேண்டும். வேகத்தைக் குறைக்க வழியில்லாத ரூட்டரில் அந்தப் பிட்டை மாட்டவே கூடாது.

மோட்டார் விஷயத்தில் ஷேப்பருக்கே என் ஓட்டு. ரூட்டர் கார்பன் பிரஷ் மோட்டாரால் அலறும். ஷேப்பரின் இண்டக்ஷன் மோட்டார் நாள் முழுக்க முனகலோடு உழைக்கும். ரூட்டர் மேசையில் மூன்று நான்கு தடவையாக எடுக்கும் ஆழத்தை ஷேப்பர் பெரும்பாலும் ஒரே தடவையில் முடித்துவிடும். அந்த வலிமைதான் அச்சமும். அலகு மரத்தைக் கவ்வி உதைத்தால் ரூட்டர் மேசை துண்டைப் பறிக்கும். ஷேப்பர் துண்டோடு கையையும் இழுக்கப் பார்க்கும். வழக்கமான அமைப்பில் மேசையில் மரம் வலமிருந்து இடமாகத்தான் போக வேண்டும், அலகின் சுழற்சியை எதிர்த்து. மரம் ஒட்டி நகரும் தடுப்புக்கும் பிட்டுக்கும் இடையில் மரத்தை நுழைப்பது தற்கொலை முயற்சி.

கதவுகளையும் மோல்டிங்கையும் டஜன் கணக்கில் செய்கிறவர் ஷேப்பரை வாங்கட்டும். மற்றவர்களுக்கு என் பதில்: அரை அங்குலக் கொலெட் (பிட்டின் காம்பைப் பிடிக்கும் கவ்வி), வேகக் கட்டுப்பாடு, 2 குதிரைத்திறனுக்குக் குறையாத ரூட்டர் ஒன்று. மேசையை நீங்களே செய்துகொள்ளலாம். பிறகு கை வசதியானால், அதை மேசையிலேயே விட்டுவிட்டு, கைவேலைக்குச் சிறியதாக இன்னொன்று. ஒரே ரூட்டரை மேசையில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தால் சில வாரங்களில் மேசை தூசி பிடித்துவிடும்.

மேசை செய்வதில் ஒரு எச்சரிக்கை. நான் முதலில் செய்த ப்ளைவுட் மேசை, ரூட்டரின் எடை தாங்காமல் சில மாதங்களில் நடுவில் தொய்ந்தது. காடியின் ஆழம் தொடக்கத்தில் ஒன்றாகவும் நடுவில் வேறாகவும் வர, பிட்டைத்தான் வெகுநாள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நேர்விளிம்புச் சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்தபோது அடியில் வெளிச்சம் தெரிந்தது. இப்போதைய மேசைக்கு அடியில் ரூட்டரின் இருபக்கமும் கனமான குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றன.