எஸ்.யூ. கார்புரேட்டருக்கு எந்த ஆயில்?

மோரிஸ் மைனரோ பழைய மினியோ, அந்தக் கால காரின் எஸ்.யூ. கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டியதும் வரும் குழப்பம் இது: டாஷ்பாட்டில் (கார்புரேட்டர் உச்சியில் எண்ணெய் நிற்கும் குழலில்) 20டபிள்யூ-50 என்ஜின் ஆயிலா, ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப்பா?

இந்த ஆயில் வெறும் வழுவழுப்புக்கு இல்லை. ஆக்சிலரேட்டரைச் சட்டென மிதிக்கும்போது கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் துள்ளி எழாமல் ஒரு கணம் பிடித்து வைக்கும். அந்தக் கணத்தில் கூடுதல் பெட்ரோல் உறிஞ்சப்படும்.

எடுப்பு:
20டபிள்யூ-50: மிதித்தவுடன் திணறாமல் கிளம்பும்.
ஏடிஎஃப்: பல வண்டிகளில் ஒரு விக்கல் வரும், பிஸ்டன் சீக்கிரமே ஏறிவிடுவதால் கலவை மெலிகிறது.

குளிர்:
20டபிள்யூ-50: கெட்டியாகி பிஸ்டன் மந்தமாக ஏறும், கரும்புகைகூட வரலாம்.
ஏடிஎஃப்: அவ்வளவாக மாறாது.

செலவு: ஊற்றுவதே சில மில்லிதான், விடுங்கள்.

எதை ஊற்றினாலும் பிஸ்டனின் வெளிச்சுற்றிலும் அது ஏறி இறங்கும் அறையின் உட்சுவரிலும் எண்ணெய் படக்கூடாது. நடுத்தண்டில் மட்டும் ஒரு சொட்டு. நான் முதல் தடவை பாசத்தில் எல்லா இடத்திலும் பூசி, பிஸ்டன் பாதியில் சிக்கியது! சிக்குகிறதா என்று பார்க்க, டாம்பரை (டாஷ்பாட் மூடியோடு எண்ணெய்க்குள் இறங்கும் தண்டை) கழற்றிவிட்டு, பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்'கென்று சத்தத்தோடு விழ வேண்டும். த்ராட்டில் தண்டுக்குக் கிரீஸ் வேண்டாம், தூசி ஒட்டும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு.

வெயில் ஊரில் ஓடும் வண்டிக்கு 20டபிள்யூ-50. மலைக்குளிரில் காலையில் இழுக்காமல் அடம்பிடிக்கும் வண்டிக்கு ஏடிஎஃப். விக்கல் வந்தால், இரண்டுக்கும் நடுவான கெட்டியுள்ள எஸ்ஏஇ 20 ஆயிலுக்கு மாறுங்கள்.