பெயர் தெரியாத பொடிக்கு எந்தக் கருவி?

மெஃபட்ரோன் என்பது ஒரு செயற்கைப் போதைப்பொருள். அதன் வேதிப்பெயர் 4-மெத்தில்மெத்கத்தினோன், சுருக்கமாக 4-எம்எம்சி. பிரிட்டன் 2010 ஏப்ரலில் அதைத் தடை செய்தது. அதே டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புக்கான என்டிபிஎஸ் சட்டத்துக்குள் வந்தது 2015 பிப்ரவரியில். சந்தை சும்மா இருக்குமா? பென்சீன் வளையத்தில் நான்காம் இடத்தில் இருந்த மெத்தில் தொகுதியை மூன்றாம் இடத்துக்கு நகர்த்தி, 3-எம்எம்சி என்று விற்க ஆரம்பித்தார்கள். நெதர்லாந்து அதைத் தடை செய்தது 2021 அக்டோபரில்தான். அதற்கு முன் சில ஆண்டுகள் அங்கே 4 என்றால் குற்றம், 3 என்றால் குற்றமில்லை.

ஆகவே பொடி எது என்று கண்டறியும் எந்தக் கருவியையும் எடைபோட எனக்கு இரண்டு கேள்விகள் போதும். 3-ஐயும் 4-ஐயும் பிரித்துச் சொல்லுமா? இதுவரை பார்த்தே இராத ஒன்றை வைத்தால் ‘தெரியவில்லை’ என்று ஒப்புக்கொள்ளுமா?

முதலில் ஜிசி-எம்எஸ், அதாவது வாயு வண்ணப்பிரிகையோடு நிறை நிறமாலையைச் சேர்த்த கருவி. தடயவியல் ஆய்வகங்களின் பழைய நம்பிக்கை இதுதான். கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் எலக்ட்ரானால் உடைத்து, துண்டுகளின் நிறையைக் காட்டும். பொடியில் காஃபீனும், மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிடோகைனும் கலந்திருந்தாலும் கவலையில்லை; மிகச் சிறிய அளவும் தப்பாது. ஆனால் மெத்கத்தினோன் வகையில் இதன் கை கட்டப்பட்டுவிடுகிறது. 3-எம்எம்சி, 4-எம்எம்சி இரண்டுக்கும் மூலக்கூறு நிறை 177. உடைந்தால் இரண்டிலும் ஓங்கி நிற்பது 58 என்ற ஒரே துண்டு. கலவையைப் பிரிக்கும் குழாயைவிட்டு வெளியேறும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றே. பக்கத்தில் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மாதிரி இருந்தால் சமாளிக்கலாம். நேற்று சந்தைக்கு வந்த பொருளுக்கு அது எங்கே கிடைக்கும்?

இங்கேதான் அகச்சிவப்பு நிறமாலை, அதாவது எஃப்டிஐஆர், எனக்குப் பிடித்துப்போகிறது. சிட்டிகை பொடியை வைரத் தகட்டில் வைத்து அழுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் நிறமாலை கைக்கு வந்துவிடும். வளையத்தின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் வளைந்தாடும் 700 முதல் 900 வரையிலான அலையெண் பகுதியைப் பார்த்தால், தொகுதி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியும். கோடிக்கணக்கில் விலை வைத்த பல கருவிகள் தடுமாறும் கேள்விக்கு இது நேரடியாகப் பதில் சொல்கிறது. குறையும் உண்டு. கலவையில் ஏறக்குறைய 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பதை இது பெரும்பாலும் தவறவிடும். கனடாவின் வான்கூவரில் போதைப்பொருள் பரிசோதிக்கும் இடங்களில் எஃப்டிஐஆரோடு, ஃபென்டனில் என்ற வீரியமிக்க வலிநிவாரணியைக் கண்டறியும் பட்டையையும் சேர்த்து வைப்பது இதனால்தான். ஆளைக் கொல்லும் ஃபென்டனில் அதைவிடக் குறைவாகவே இருக்கலாம். இன்னொன்று, ஒரே மருந்து உப்பாக இருந்தால் ஒரு நிறமாலை, காரமாக இருந்தால் வேறொன்று.

சுங்கச் சாவடியில் நிற்பவருக்கு ராமன் கருவிதான் வசதி. பிளாஸ்டிக் பையைப் பிரிக்காமலே லேசரைப் பாய்ச்சி, சிதறிவரும் ஒளியைப் படிக்கலாம், பொடி மூக்கில் ஏறாது. திருச்சிக்காரர் சி. வி. ராமன் 1928இல் கொல்கத்தாவில் கண்ட விளைவு இன்று காவலரின் கையில் துப்பாக்கி வடிவில் இருக்கிறது! ஆனால் அந்தச் சமிக்ஞை மிகப் பலவீனமானது. பழுப்புப் பொடி, சாயமேற்றிய மாத்திரை என்றால் பொருளே உமிழும் ஒளிர்வு அதை மூழ்கடித்துவிடும். லேசரின் அலைநீளம் 785 நானோமீட்டரிலிருந்து 1064-க்குப் போனால் ஒளிர்வு குறையும், சமிக்ஞையும் சேர்ந்தே குறையும்.

காந்தப் புலத்தில் அணுக்கருக்களைப் படித்து மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் இருந்தால் அமைப்பைப் பற்றிய வாதமே முடிந்தது. எல்லா ஊரிலும் அதை வைக்க முடியாது, அவ்வளவுதான்.

கருவியைவிட அதன் பின்னால் ஓடும் கணக்குதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கையடக்கக் கருவிகளில் பெரும்பாலும் இருப்பது நூலக ஒப்பீடு, அதாவது தெரிந்த பொருட்களின் நிறமாலைத் தொகுப்போடு ஒப்பிடுவது: கிடைத்த நிறமாலைக்கு நெருங்கியதைத் தேடி மதிப்பெண் போடும். புதிய பொருள் நூலகத்தில் இருக்காது. பொடியில் பெரும்பகுதி காஃபீன் என்றால் ‘காஃபீன்’ என்று உயர்ந்த மதிப்பெண்ணோடு சொல்லிவிட்டுப் போய்விடும்.

முதன்மைக் கூறு பகுப்பாய்வு கொஞ்சம் பரவாயில்லை. நிறமாலையின் ஆயிரக்கணக்கான புள்ளிகளை இரண்டு மூன்று அச்சுகளாகச் சுருக்கி, புதிய பொடி மெஃபட்ரோன் அடங்கிய கத்தினோன் கூட்டத்தின் அருகே விழுகிறதா, கஞ்சாவைப் போலச் செயல்படும் செயற்கைக் கன்னாபினாய்டுகளின் பக்கம் விழுகிறதா என்று காட்டும். பெயர் தெரியாவிட்டாலும் குடும்பம் தெரியும். பிஎல்எஸ்-டிஏ போன்ற வகைப்படுத்திகளைத்தான், வழக்கமாகப் பயன்படுத்தும் முறையில், நான் நம்பமாட்டேன். ஐந்து பெட்டி கொடுத்தால் எதையாவது ஒரு பெட்டியில் போட்டே தீரும். சிம்கா என்ற கணக்கு முறை அப்படியல்ல. ஒவ்வொரு வகைக்கும் தனி எல்லை வரைந்து, எதிலும் அடங்காததை ‘எதுவுமில்லை’ என்று வெளியே நிறுத்தும். புதுப்புதுப் பொருட்கள் வரும் துறையில் இந்த ஒரு பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

2021இல் கனடா ஆய்வாளர்கள் முன்னின்று செய்த ஒரு வேலை வேறு வழியில் போகிறது. தெரிந்த சுமார் 1,700 போதைப்பொருட்களைக் கணினிக்குப் பயிற்றுவித்து, வரக்கூடிய 89 லட்சம் மூலக்கூறுகளை முன்கூட்டியே எழுதவைத்தார்கள். அபாரம்தான். ஆனால் நிறை நிறமாலையை நம்பி நிற்பதால், நம் 3, 4 சிக்கல் அதற்கும் உண்டு.

ஒரு மாவட்ட ஆய்வகத்துக்கு வாங்கச் சொன்னால் எஃப்டிஐஆரும் சிம்காவும் முதலில், அப்புறம் கலவைக்கு ஜிசி-எம்எஸ், ‘எதுவுமில்லை’ என்று ஒதுங்கியவை மட்டும் என்எம்ஆருக்கு. வாங்கும் முன் விற்பனையாளரிடம் ஒன்று கேளுங்கள்: நூலகத்திலிருந்து 3-எம்எம்சியை நீக்கிவிட்டு, அதே 3-எம்எம்சி பொடியைக் கருவியில் வைக்கட்டும். திரையில் 4-எம்எம்சி என்று வந்தால் வாங்காதீர்கள்.