ஜோன் பேனலா, அட்ரசபிளா? நெல்லைக் கடைக் கட்டடங்களில் நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்

டவுன் ரத வீதியிலோ வண்ணார்பேட்டையிலோ நாலைந்து மாடி ஜவுளிக்கடை, லாட்ஜ் எதற்குள் போனாலும் தீ எச்சரிக்கைக்கு இரண்டில் ஒன்றுதான் இருக்கும். ஒன்று, மாடிக்கு ஒரு ஜோன் (பகுதி) என்று பிரித்து, ஜோனுக்கு ஒரு சிவப்பு விளக்கு வைத்த பழைய கன்வென்ஷனல் பேனல் (கட்டுப்பாட்டுப் பெட்டி). மற்றது, சின்னத் திரையில் இடத்தின் பெயரையே காட்டும் அட்ரசபிள் பேனல். இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டினால் தெரியவருகிற, கொட்டேஷனில் வராத சங்கதிகள் இவை.

பழையதன் வேலை எளிது. பேனலிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் இரண்டு கோர் ஒயர் கிளம்பி, புகையை உணரும் டிடெக்டர் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போய் கடைசி டிடெக்டரில் முடியும். அந்தக் கடைசி பேஸில் (டிடெக்டர் தலையை மாட்டும் அடிப்பாகம்) ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும். லைனில் 24 வோல்ட். ரெசிஸ்டர் வழியாகச் சிறு கரண்ட் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் ஒயர் அறுந்தால் பேனலுக்குத் தெரிகிறது. ஒரு ஜோனில் 20 டிடெக்டருக்கு மேல் மாட்டுவதில்லை. புகை வந்தால் 'இரண்டாம் மாடி' என்று மட்டும் சொல்லும். எந்த டிடெக்டர் என்பதை மேலே ஓடிப்போய், சிவப்பு எல்.இ.டி. எங்கே எரிகிறது என்று அண்ணாந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் இருக்கும் டிடெக்டர் என்றால் கீழே ரெஸ்பான்ஸ் இண்டிகேட்டர் (அதனோடு சேர்ந்து எரியும் தனி விளக்கு) இருந்தால்தான் உண்டு.

இதில் பெரிய ஆபத்து ஒன்று வெளியே தெரியாது. ஜோன் ஃபால்ட் (லைனில் கோளாறு) என்று மஞ்சள் விளக்கு தொடர்ந்து எரிந்தால், அவசரத்துக்கு வரும் ஆள் ரெசிஸ்டரைப் பேனல் டெர்மினலிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார். மஞ்சள் விளக்கு அணைந்துவிடும். அதற்குப் பிறகு அந்த மாடியில் ஒயரே இல்லாவிட்டாலும் பேனல் 'நார்மல்' என்றே காட்டும். பழைய கட்டடத்தை வாங்குகிறவர்களோ வாடகைக்கு எடுக்கிறவர்களோ முதலில் செய்ய வேண்டிய சோதனை: ஒவ்வொரு மாடியிலும் கடைசி டிடெக்டரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். பேனலில் ஃபால்ட் வர வேண்டும். வராவிட்டால் அந்த ஜோன் செத்தது என்று கொள்ளலாம்.

இன்னும் பழைய கட்டடங்களில் அடியில் கதிரியக்கக் குறியிட்ட அயனைசேஷன் டிடெக்டர்கள் மிச்சமிருக்கலாம். உள்ளே அமெரிசியம்-241 இருக்கிறது. அதை உடைக்கவோ பழைய இரும்புக்குப் போடவோ கூடாது. சப்ளையர் வழியாகத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். இப்போது வருபவை ஆப்டிகல் வகை. உள்ளே ஒரு இருட்டு அறை, அதில் ஒரு எல்.இ.டி., ஒளியை நேராகப் பார்க்காத ஒரு சென்சார். புகை நுழைந்தால் ஒளி சிதறிச் சென்சாரில் விழும். தூசி படிந்தாலும் அதேதான் நடக்கும். நம் ஊரில் ஆனி, ஆடிக் காற்றுக்குப் பிறகு காரணமில்லாமல் ஹூட்டர் (எச்சரிக்கை ஒலிப்பான்) அடிப்பதற்கு இதுவே காரணம். மழை விட்ட மாலையில் ஈசல் புகுந்தாலும் அடிக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் அடிக்கவைப்பது சாம்பிராணி. செவ்வாய், வெள்ளி மாலையில் கல்லாவுக்கும் சாமி படத்துக்கும் புகை போடாத கடை இங்கே குறைவு. "சாம்பிராணிப் புகைதான் அண்ணாச்சி, ஆஃப் பண்ணிருங்க" என்று ஒரு குரல் வரும். வாட்ச்மேன் ஜோனை ஐசொலேட் செய்வார், அதாவது பேனலில் முடக்கிவைப்பார். திரும்ப ஆன் செய்ய யாருக்கும் நினைவிருக்காது. பல கட்டடங்களில் தரைத்தள ஜோன் இப்படியே மாதக்கணக்கில் உறங்குகிறது. சாமி படத்துக்கு நேர் மேலே இருக்கும் டிடெக்டரைத் தள்ளி மாட்டுவதே சுலபமான தீர்வு. அட்ரசபிள் பேனல் என்றால் அந்த ஒரு டிடெக்டரை மட்டும், தானாகவே திரும்ப ஆன் ஆகும்படி அரை மணி நேரத்துக்கு முடக்கலாம். இந்த வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். சமையலறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் புகை டிடெக்டரே வேண்டாம், ஹீட் டிடெக்டர் போதும். தகரக் கூரைக்கு அடியில் 57 டிகிரியில் அடிக்கும் வகையை மாட்டினால் சித்திரை வெயில் விடாது. கூடுதல் டிகிரி வகை வேண்டும்.

அட்ரசபிளில் ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஒரு எண். ஒயர் பேனலிலிருந்து போய்ச் சுற்றிப் பேனலுக்கே திரும்பும்; இதைத்தான் லூப் என்பார்கள். ஓரிடத்தில் அறுந்தாலும் இரு பக்கத்திலிருந்தும் பேச்சு நடக்கும். தூசி சேரச் சேர அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு, முடியாத கட்டத்தில் 'சுத்தம் செய்' என்று முன்கூட்டியே சொல்லும் மாடல்கள் நிறைய. பழையதோடு ஒப்பிட்டால் இந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம். ஆனால் போகிற ஒயரையும் திரும்புகிற ஒயரையும் ஒரே டக்டில் இழுத்திருந்தால் லூப் என்பதற்கே அர்த்தமில்லை. ஷார்ட் ஆனால், ஐசொலேட்டர் (ஷார்ட் ஆன பகுதியை மட்டும் துண்டித்துவிடும் கருவி) இல்லாத லூப் முழுவதும் படுத்துவிடும். மாடிக்கு ஒன்றாவது போடச் சொல்லுங்கள். கொட்டேஷனைக் குறைக்கும்போது முதலில் காணாமல் போவது இதுதான்.

இன்னொரு தொல்லை: எண் டிடெக்டர் தலையிலேயே இருக்கும் வகைகளில், ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஆட்கள் பத்து தலைகளை ஒன்றாகக் கழற்றித் துடைத்து இடம் மாற்றி மாட்டிவிடுவார்கள். பேனலில் எந்தக் குறையும் தெரியாது. தீ பிடித்தால் மூன்றாம் மாடி குடோனுக்குப் பதில் முதல் மாடி டிரையல் ரூம் என்று வரும். பழைய பேனலாவது மாடியைச் சரியாகச் சொல்லும். ஒவ்வொரு தலையாகக் கழற்றித் துடைத்து, அங்கேயே மாட்டி, டெஸ்ட் ஸ்ப்ரே அடித்து, திரையில் வரும் பெயரைப் படித்துப் பார்த்த பிறகுதான் ஏணியை நகர்த்த வேண்டும். ஊதுபத்தியைக் காட்டிச் சோதிப்பதைத் தவிருங்கள். பிசுக்கு உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

பேட்டரியில் இரண்டு பேனலுக்கும் ஒரே கதை. 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக இருக்கும், பெரும்பாலும் 7 ஆம்பியர் ஹவர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சும்மா இருக்கும்போது 0.25 ஆம்பியர் இழுத்தால் 24 மணி நேரத்துக்கு 6 ஆம்பியர் ஹவர்; ஹூட்டர்கள் அரை மணி நேரம் 1.5 ஆம்பியர் இழுத்தால் 0.75, இதற்கு மேல் கால் பங்கு சேர்த்தால் ஏறக்குறைய எட்டரை ஆகிவிடும். 7 போதாது, 12 வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மாடிப்படிக்கு அடியில் காற்றோட்டமில்லாத பெட்டியில் ஐந்து வருடம் எதிர்பார்க்காதீர்கள். மூன்றில் மாற்றிவிடுவது நல்லது, இரண்டையும் சேர்த்து.

ஐப்பசி மழையில் எர்த் ஃபால்ட் (ஒயரிலிருந்து தரைக்கு மின்கசிவு) வரும். கான்டூட்டில் (ஒயர் போகும் குழாய்) தண்ணீர் இறங்கியிருக்கும். லூப்பை நடுவில் பிரித்து, எந்தப் பாதியில் வருகிறது என்று பார்த்து, அதையும் பாதியாக்கிக்கொண்டே போங்கள். டிடெக்டர்கள் மாட்டியிருக்கும்போது 500 வோல்ட் மெகர் (ஒயரின் காப்பைச் சோதிக்கும் மீட்டர்) வைத்தால் அத்தனையும் போய்விடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் நெல்லை சந்திப்புப் பகுதிக்குள் வந்ததைப் பார்த்த பிறகும் பேனலைத் தரைத்தளத்தில் முழங்கால் உயரத்தில் மாட்டச் சம்மதிக்காதீர்கள். வாட்ச்மேன் பார்க்க ஒரு ரிப்பீட்டர் (பேனல் காட்டுவதையே காட்டும் துணைப் பெட்டி) கீழே இருந்தால் போதும், பேனல் முதல் மாடிக்குப் போகட்டும்.

இரண்டு மாடிக் கடைக்கு எட்டு ஜோன் பழைய பேனலே தாராளம். நாலு மாடிக்கு மேல், அல்லது அறை அறையாகப் பிரிந்த லாட்ஜ் என்றால் அட்ரசபிள். அதை எடுத்தால் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் மூன்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்: புரோகிராம் ஃபைலின் நகல், இன்ஜினியர் பாஸ்வேர்டு, எந்த எண் எந்த இடம் என்று குறித்த வரைபடம். இவை இல்லாமல், பொருத்திய ஆள் தொழிலை விட்டுவிட்டால் ஒரு அறையின் பெயரை மாற்றுவதற்கும் பேனலையே மாற்றச் சொல்வார்கள்.