நினைவு, பிழைப்பு, சிந்தனை: கல்விக்கு நாம் கொள்ளும் மூன்று பொருள்கள்

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. இந்த ஒரு பிழையை ஆசிரியர் எப்படித் திருத்துகிறார் என்பதிலேயே கல்வி என்ற சொல்லுக்கு அவர் கொள்ளும் பொருள் வெளிப்பட்டுவிடும். விதியைப் பத்து முறை எழுதிவரச் சொல்பவருக்குக் கல்வி என்பது நினைவில் சேர்த்துவைப்பது. நாளைய வேலைக்கு இந்தக் கணக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பழக்கினால் போதும் என்பவருக்கு அது பிழைப்புக்கான பயிற்சி. "ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது ஆயிற்றே, அரையோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு அது எப்படிக் குறையும்?" என்று கேட்பவருக்கோ, பிள்ளை தன் விடையைத் தானே சோதித்துப் பார்க்கப் பழகுவதுதான் கல்வி.

இம்மூன்றில் மிகப் பழையது நினைவுவழிக் கல்வி. ஏடுகள் அரிதாக இருந்த காலத்தில் ஒரு நூலை அழியாமல் காக்க மனித மனத்தைவிட நம்பகமான இடம் இல்லை. எனவே மனப்பாடம் அன்று அறிவைக் காக்கும் ஏற்பாடாகவே இருந்தது. எழுத்து பரவினால் நினைவாற்றல் தேய்ந்துவிடும் என்று சாக்ரடீஸ் கவலைப்பட்டதாக பிளேட்டோ எழுதியிருப்பதையும் இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் குட்டன்பெர்க்கின் அச்சு ஐரோப்பாவில் நூல்களைப் பெருக்கிய பிறகு அந்தத் தேவை குறைந்தது. ஆனால் பழக்கம் குறையவில்லை. பழைய நூல்களில் தேர்ச்சி பெற்றவர்களை அரசுப் பணிக்குத் தேர்ந்தெடுத்த சீனப் பேரரசின் தேர்வுமுறை 1905 வரை நீடித்தது.

இரண்டாவது பொருளை வலுப்படுத்தியவை அரசும் ஆலையும். ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவில் 1763-ல் மன்னர் இரண்டாம் பிரெடரிக் கட்டாயக் கல்விக்கான ஆணையைப் பிறப்பித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல நாடுகள் அந்த வழியைப் பின்பற்றின. எழுத்தறியாத குடும்பங்களின் பிள்ளைகள் பெருந்திரளாகப் பள்ளிக்குள் வந்தது இதனால்தான். இந்த நன்மையை மறந்துவிட்டு அந்தப் பள்ளிகளைத் தொழிற்சாலை என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆயினும், பயனை மட்டுமே அளக்கத் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பாடம் கிடைத்தது. அங்கே 1862-ல் வந்த விதிமுறையின்படி, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையும் பெறும் தேர்ச்சியைப் பொறுத்தே பள்ளிக்கான மானியத்தின் பெரும்பகுதி அமைந்தது. ஆய்வாளர் வரும் நாளுக்காக வாசிப்பு நூலையே பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். சோதிக்கப்படாத பாடங்கள் பின்னுக்குப் போயின. தாமே பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். பிழைப்புக்கான பயிற்சியாகத் தொடங்கியது, அளவுகோலின் அழுத்தத்தால், பழைய மனப்பாடத்துக்கே திரும்பிப்போனதை இங்கே காண்கிறோம்.

மூன்றாவது பொருளை முன்வைத்தவர்களில் மூவரைச் சொல்லலாம். தொழிற்பயிற்சிக்கு முன்னால் முழு மனிதனை உருவாக்கும் பொதுக்கல்வி வேண்டும் என்று வாதிட்ட ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட், 1810-ல் பெர்லின் பல்கலைக்கழகம் உருவாகக் காரணமாக இருந்தார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1896-ல் சிகாகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் பிள்ளைகள் சமைத்தும் நெய்தும் கற்றார்கள். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் எளிய மக்கள் வாழும் பகுதி ஒன்றில் தம் முதல் பள்ளியைத் திறந்தார். அவர் பயன்படுத்திய ஒரு மரக்கட்டையில் வெவ்வேறு அளவில் பத்துக் குழிகளும், அவற்றில் பொருந்தும் பத்து உருளைகளும் இருக்கும். ஓர் உருளையைப் பெரிய குழிக்குள் போட்டுவிட்டால், கடைசியில் எந்தக் குழியிலும் நுழையாத ஒன்று கையில் மிஞ்சும். 'தவறு' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை தானே எல்லாவற்றையும் வெளியே எடுத்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, மீண்டும் தொடங்கும். பிழை அவமானமாக மாறாத இந்த ஏற்பாட்டைவிட உயர்ந்த கற்பித்தலை நான் அறியேன்.

அப்படியானால் மூன்றாவதே போதுமா என்றால், இல்லை என்றே சொல்வேன். அரை எவ்வளவு, ஐந்தில் இரண்டு எவ்வளவு என்பது மனத்தில் படிந்திராத பிள்ளையால் தன் விடையைச் சந்தேகிக்கவே முடியாது. வாய்பாட்டை விரல்விட்டு எண்ணித் தேடுகிறவனுக்கு, கணக்கின் அமைப்பைக் கவனிக்க மனத்தில் இடம் மிஞ்சுவதில்லை. ஆகவே நினைவு சிந்தனைக்குப் பகையன்று, அதற்கு வேண்டிய கைமுதல். மாறியிருப்பது அதன் இடம் மட்டுமே: ஒரு காலத்தில் நினைவே கல்வியின் முடிவாக இருந்தது, இன்று அது தொடக்கமாக இருக்க வேண்டும். எந்தக் கேள்விக்கும் கணினி நொடியில் சரளமாகப் பதில் தரும் இக்காலத்தில், பதில் மலிந்துவிட்டது. அந்தப் பதில் சரிதானா என்று பார்க்கும் தேர்ச்சிதான் அரிதாகியிருக்கிறது. வேலைச் சந்தையும் இனி அதையே கேட்கும் என்பதால், பிழைப்புக்கும் சிந்தனைக்கும் இடையிலிருந்த பழைய பகை இப்போது குறைகிறது என்பது என் எண்ணம்.

மாறாமல் இருப்பது வினாத்தாள் மட்டுமே. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்பதோடு அது நின்றுவிடுகிறது. ஐந்தில் இரண்டு ஏன் விடையாக இருக்க முடியாது என்று அதன் கீழே இன்னொரு வரியும் கேட்கப்படுமானால், அந்த வரிக்காக மறுநாளே வகுப்பறையில் காகிதத்தை ஆறாக மடித்துக் காட்ட ஆசிரியருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.